பின்படி இல்லாத பிக்கப்

வேலுசாமி ஓட்டலின் கொல்லையில் அந்தப் பிக்கப் நிற்கிறது என்று சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். நிற்கவில்லை. டயர்களைக் கழற்றி விற்றுவிட்டு, நாலு மூலைக்கும் செங்கல் அடுக்கி, அதன்மேல் உட்கார வைத்திருந்தார்கள். பின்பக்கம் முழுக்க விறகு. டிரைவர் சீட்டில் ஒரு அடைக்கோழி. நான் கதவைத் திறந்ததும், இது என் வீடு, நீ யார் என்பதுபோலச் சிலிர்த்துக்கொண்டு கொத்த வந்தது.

வேலுசாமி சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு வந்து ஓட்டல் வைத்தவர். பழைய இரும்பு, பழைய மரம், எதைக் கண்டாலும் வாங்கிப் போட்டுக்கொள்வார். விலைக்குக் கேட்டதும் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த டூரிஸ்டுகளையும் சேர்த்துக்கொண்டு சிரித்தார்.

"ஏம்மா, உனக்கு எதுக்கு இது?"

"ஓட்டறதுக்கு."

"சரிதான். வீட்ல ஆம்பளைங்க யாராவது இருந்தா வரச் சொல்லு. பேசி முடிச்சுக்கலாம்."

"வாங்கறது நான். பேசறதும் நான்தான். விலையைச் சொல்லுங்க."

சொன்னார். கோழிக்கூட்டுக்குச் சொல்ல வேண்டிய விலை இல்லை அது. நானும் விடவில்லை. ஒரு வழியாகப் பேசி முடித்துக் காசையும் கையில் வாங்கிக்கொண்ட பிறகு சொல்கிறார்: "வண்டிய இப்ப எடுக்க முடியாதும்மா. கோழி குஞ்சு பொரிக்கட்டும். அடையில இருக்கறத எழுப்புனா பாவம்."

என் சம்பளத்தில் வருஷக்கணக்காக மிச்சம் பிடித்து வாங்கிய முதல் சொத்தை எடுத்துப்போக ஒரு கோழியின் அனுமதிக்காகக் காத்திருந்தேன். ஆபீஸ் முடிந்து தினமும் எட்டிப் பார்ப்பேன். அதுவும் என்னை முறைக்கும்.

நான் அத்தாயி. பி.காம். ஏற்காட்டுக்குப் பக்கத்து எங்கள் ஊர் தலைச்சோலையில் மலைக்கார வீடுகளில் பிறந்து காலேஜ் முடித்த முதல் ஆள், ஆணையும் பெண்ணையும் சேர்த்துத்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. இதைச் சொல்லியும் எவனும் மதிப்பதில்லை என்பதற்காகச் சொல்கிறேன். ஏற்காட்டில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க் வேலை. எனக்கு ஒரு பிக்கப் எதற்கு என்று வேலுசாமி மட்டும் கேட்கவில்லை. ஆபீஸில் கேட்டார்கள், பஸ்ஸில் கேட்டார்கள், முன்பின் தெரியாதவர்கள்கூடக் கேட்டார்கள். யாருக்கும் நான் காரணம் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

அந்த வண்டி ஒரு காலத்தில் நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டுக்குச் சொந்தம். வெள்ளைக்காரன் காலத்து டாட்ஜ். காப்பிக்கொட்டை மூட்டையும் ஆரஞ்சுக் கூடையும் அதில் சேலத்துக்கு இறங்கும். அரிசியும் உரமும் ஏறும். என் அப்பா சித்தன் அதில் கட்டைக்காரர். மலை ரோட்டில் ஏற்றத்தில் வண்டி நின்றால் பின்னால் உருண்டுவிடும். அது நிற்பதற்குள் ஒரு ஆள் குதித்துச் சக்கரத்துக்கு அடியில் கட்டையைச் செருக வேண்டும். கிளம்பியதும் கட்டையை உருவிக்கொண்டு ஓடிப்போய்த் தொற்றிக்கொள்ள வேண்டும். அதற்காகவே வண்டியின் பின்னால் ஒரு இரும்புப் படி உண்டு. அந்தப் படியில் நின்றுகொண்டுதான் அப்பா வருஷக்கணக்காக இந்த மலையை ஏறி இறங்கினார். மழைக்கும் அதே படி, வெயிலுக்கும் அதே படி.

அப்போது நாங்கள் எஸ்டேட் லயத்தில், கூலிக்காரர்களுக்குக் கட்டிவிட்ட வரிசை வீட்டில், குடியிருந்தோம். நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிது. ஒரு நாள் நல்ல மழை. அப்பாவுக்குப் போசியில் சோறு எடுத்துக்கொண்டு எஸ்டேட் கேட்டுக்குப் போனேன். பிக்கப் கிளம்பத் தயாராக நின்றது. அப்பா முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். டிரைவர் பாவம் பார்த்து ஏற்றியிருக்க வேண்டும். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை அவர் முகத்தில் அதற்குமுன் நான் பார்த்ததில்லை. அதற்குள் ரைட்டர் குடையோடு வந்தார். எஸ்டேட்டில் துரைக்கு அடுத்து அவர்தான். கத்தவில்லை, திட்டவில்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அப்பா இறங்கினார்.

"சீட்டத் தொடைடா" என்றார் ரைட்டர்.

அப்பா தலைத்துண்டை அவிழ்த்து, தான் உட்கார்ந்திருந்த இடத்தைத் துடைத்தார். மூலைமுடுக்கெல்லாம் துடைத்தார். ரைட்டர் ஏறி உட்கார்ந்தார். அப்பா அதே துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, பின்னால் போய்ப் படியில் நின்றார். வண்டி போய்விட்டது. போசி என் கையிலேயே இருந்தது.

அந்தத் துண்டு என்னை விடவே இல்லை. சேலத்தில் காலேஜில் அத்தாயி என்ற பேரைக் கேட்டுச் சிரித்தார்கள். துண்டு ஞாபகம் வந்தது. இன்டர்வியூவில் ஒருத்தர், மலையில் கரண்ட் இருக்கிறதா என்று கேட்டார். துண்டு ஞாபகம் வந்தது. ஆகவே என் திட்டம் இதுதான்: அதே வண்டியை வாங்க வேண்டும். புதுசாக்க வேண்டும். வைகாசியில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு அப்பாவை முன் சீட்டில் உட்கார வைத்து, நானே ஓட்டிக்கொண்டு, ஏற்காடு கடைவீதி வழியாகப் போக வேண்டும். ரைட்டர் வீட்டு வாசலில் வேண்டுமென்றே கொஞ்சம் நிறுத்த வேண்டும். அவர் வீடு எங்கே என்று மட்டும் வேலுசாமியிடம் கேட்டேன்.

"எந்த ரைட்டரு? நாகலூர்ல இருந்தாரே அவரா? செத்து நாளாச்சேம்மா" என்றார் வேலுசாமி.

அதுவும் போச்சு. பரவாயில்லை, கடைவீதி பார்க்கட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

வண்டி வாங்கியதை வீட்டில் சொன்னேன். அப்பா எழுந்துபோய், கோழிக் கூடைக்கு முட்டுக் கொடுத்திருந்த பழைய பலாக்கட்டையை எடுத்து, மண்ணைத் தட்டி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். அம்மா பாவாயி அடுப்பை ஊதிக்கொண்டே, "அந்த வண்டிய எனக்கு நல்லாத் தெரியும்" என்றாள். அவ்வளவுதான். காசைக் கரியாக்குகிறேன் என்ற கோபம் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

கோழி ஒருவழியாகப் பொரித்தது. மெக்கானிக் ஐயாக்கண்ணுவின் பட்டறை அடிவாரத்தில். ஓட்டை டயர் நாலை மாட்டி, ஒரு லாரியின் பின்னால் இரும்புக் கம்பி போட்டுப் பிணைத்து இறக்கினோம். நான் லாரியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "நீங்களும் இங்க வாங்கப்பா, இடம் இருக்குது" என்றேன்.

"இருக்கட்டும் கண்ணு. பின்னால ஆளு வேணுமில்ல?"

"கம்பி கட்டியிருக்குதுங்க. ஆளே வேண்டாங்க" என்றார் லாரிக்காரர்.

அப்பா கேட்கவில்லை. போய் அந்தத் துருப்பிடித்த படியில், கட்டையும் கையுமாக நின்றுகொண்டார். கொண்டை ஊசி வளைவுகளில் எதிரே பஸ் வந்து லாரி நிற்கும்போதெல்லாம் பின்னால் பொத்தென்று சத்தம் கேட்கும். அப்பா குதித்திருப்பார். கட்டையைப் போட்டுவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு பஸ் டிரைவருக்கு, போ போ என்று கை காட்டுவார். லாரிக்காரர் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதிலிருந்து இவரைத் தூக்கிவிட வேண்டும் என்று நான் நினைக்கிறேனோ, அதிலேயே போய் நின்றுகொண்டு எவனுக்கோ வேடிக்கை காட்டுகிறார். அன்றைக்கே முடிவு செய்தேன். முதலில் போக வேண்டியது அந்தப் படி.

பட்டறையில் ஐயாக்கண்ணுவிடம் நான் சொன்ன முதல் வேலையும் அதுதான்.

"பின்னால இருக்கற படிய வெட்டி எறிஞ்சிருங்க."

ஐயாக்கண்ணு அப்பாவைப் பார்த்தார். "ஏனுங்க, படிய எடுத்தறலாமுங்களா?"

"நான்தான சொல்றேன்? அவரை ஏன் கேக்கறீங்க?"

"இல்லீங்க அம்மிணி, பெரியவரு இருக்கறாரில்ல, அவரையும் ஒரு வார்த்த..."

"வண்டி என் பேர்ல."

அப்பா அப்போது டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததா, இல்லையா, தெரியாது. அவர் பஸ் ஏறிப் போன பிறகு படியை வெட்டினார்கள். அந்த ஒரு வேலை மட்டும்தான் சொன்ன அன்றே நடந்தது.

மற்றதெல்லாம் அடுத்த வாரம். "அடுத்த வாரங்க அம்மிணி." சனிக்கிழமை ஆபீஸ் முடித்து, பஸ் பிடித்து, அத்தனை வளைவும் சுற்றி அடிவாரம் இறங்கினால், வண்டி போன வாரம் இருந்த இடத்தில் அப்படியே இருக்கும். பானெட்டைத் திறந்து வைத்திருப்பார்கள், வேலை நடக்கிற மாதிரி. எஞ்சின் இறுகிப்போய்விட்டது, பிஸ்டனை உருவவே மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைக்க வேண்டும் என்றார். ஊறியது. மழைக்காலம் முழுக்க ஊறியது. கார்ப்புரேட்டரைச் சேலத்துக்கு அனுப்பினார். திரும்பி வந்தது வேறொரு வண்டியின் கார்ப்புரேட்டர். ரேடியேட்டருக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. எவனாவது ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்து, "ஐயாக்கண்ணு, அவசரம்டா" என்றால் போதும், என் வண்டிக்குள் தலையை விட்டிருந்தவர் அப்படியே உருவிக்கொண்டு ஓடிவிடுவார். எனக்கு மட்டும் அவசரமே கிடையாது. பொம்பளைக்கு என்ன அவசரம்?

பெயின்ட் அடித்த கதையைச் சொன்னால் ரத்தம் கொதிக்கும். பழைய நிறம் காப்பி இலைப் பச்சை. சீட்டுக்கு அடியில் சுரண்டினால் இன்னும் தெரிந்தது. அதைக் காட்டி, இதே நிறம் என்று சொல்லிவிட்டு வந்தேன். போய்ப் பார்த்தால் வண்டி நீலம். யாரோ பஸ்ஸுக்கு வாங்கியதில் மீந்துபோன நீலம்.

"நல்லா எடுப்பா இருக்குதுங்க அம்மிணி. பச்ச பழசுங்க."

"பழசுதான் எனக்கு வேணும். சுரண்டுங்க."

"இத்தனையுமா?"

"இத்தனையும்."

சுரண்டி முடிக்கும்வரை ஸ்டூலைப் போட்டுப் பட்டறை வாசலிலேயே உட்கார்ந்துகொண்டேன். டீ குடிக்க வந்தவர்களெல்லாம் இந்தப் பொம்பளை யார் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஐயாக்கண்ணு சத்தமாகவே சொன்னார்: "படிச்ச பொண்ணுங்க. அப்படித்தான் இருக்கும்."

பச்சை அடித்து முடித்ததும், வண்டியின் நெற்றியில், கண்ணாடிக்கு மேலே, பேர் எழுத வேண்டும் என்றார். "வண்டி உங்க பேருல இருந்தாலும் நெத்தியில ஆம்பள பேரு இருந்தாத்தானுங்க செக்போஸ்டுல மதிப்பாங்க. ஐயா பேரப் போட்டறலாமுங்களா?"

வேறு எந்த ஆணின் பேராக இருந்தாலும் அன்று பட்டறையில் ஸ்பேனர் பறந்திருக்கும். அப்பா பேர் என்பதால் சும்மா இருந்தேன். எனக்கும் அது வேண்டித்தான் இருந்தது. சித்தன் என்று மஞ்சளில், பெரிதாக, தூரத்திலிருந்து தெரிகிற மாதிரி எழுதச் சொன்னேன்.

இதற்கிடையில் நான் சேலத்துக்குப் போய் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொடுத்த ஆள் நான் கியர் மாற்றும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வார். லைசென்ஸ் ஆபீசில், "ஸ்கூட்டர் போதாதாம்மா உனக்கு?" என்று கேட்டார்கள். போதாது என்றேன்.

திருவிழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் வண்டியை நானே மலையேற்றி, ஏற்காடு தாண்டி, தலைச்சோலைக்குக் கொண்டுவந்தேன். ஹார்ன் சத்தத்துக்கு ஊரே வெளியே வந்தது. அப்பா நெற்றியைப் பார்த்தார். அவருக்குப் படிக்க வராது. ஆனால் தன் பேர் எழுத்தின் சாடை தெரியும். சிரித்தார். பானெட்டைத் தடவினார். கதவைத் தட்டிப் பார்த்தார். அப்புறம் மெல்லப் பின்பக்கம் போனார். அங்கேயே நின்றுவிட்டார். போய்ப் பார்த்தேன். படி இருந்த இடத்தில் வெறும் காற்றைத் தடவிக்கொண்டிருந்தார்.

"படி எங்க கண்ணு?"

"வெட்டியாச்சு."

"ஏஞ் சாமி?"

"இனி நீங்க பின்னால நிக்க வேண்டாம். முன்னால சீட்டுல உக்காருங்க. அதுக்குத்தான் வாங்குனது."

தலையை ஆட்டினார். சரி என்கிற ஆட்டல் இல்லை அது. வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை, வண்டியைக் கழுவி, சாமந்தி மாலை போட்டு, முன் கதவைத் திறந்து வைத்தேன். அப்பா வெள்ளை வேட்டியும் புதுத் துண்டுமாக வந்தார். தோளில் அந்தக் கட்டை.

"ஏறுங்கப்பா."

"நீ முன்னால போ கண்ணு. நா நடந்தே வந்தர்றேன்."

"நடந்தா? இத்தனை தூரமா?"

"எல்லாரும் நடந்துதான போறாங்க?"

எனக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்தபோது கத்தினேன். கூடியிருந்த கூட்டத்தைப் பற்றிக் கவலைப்படாமல் கத்தினேன். "எல்லாரும் நடக்கறாங்க, எல்லார் ஊட்டுலயும் வண்டியா இருக்குது? ஒரு வருஷமா நாயா அலைஞ்சிருக்கறேன். உக்காருங்கப்பா!"

"கட்டக்காரன் முன்னால உக்காந்தா கட்டைய யாரு கண்ணு போடுவாங்க?"

"கட்டையே வேண்டாம்! ஹேண்ட்பிரேக் புதுசு!"

"பிரேக்கு பிடிக்கும். பிடிக்காமயும் போவும்."

பக்கத்து வீட்டுக் காளியாயி அத்தை சும்மா இருப்பாளா? "ஏண்டி அத்தாயி, உங்கப்பன் பொண்ணு பாக்க வந்த மாப்பளையாட்டம் முறுக்கறாரே. கொஞ்சம் வெத்தல பாக்கு வெச்சுக் கூப்புட்டுப் பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"அன்னிக்கு அந்த ரைட்டர் எறங்குன்னதும் எறங்குனீங்க. இன்னிக்கு நான் ஏறுங்கன்னா ஏற மாட்டீங்களா? துண்டால சீட்டத் தொடச்சீங்களே, நான் பாத்தேன். அதுக்காகத்தான் இதெல்லாம்!"

அப்பா துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"மழையில்ல கண்ணு? சீட்டு ஈரமாயிருச்சு. தொடச்சேன். அதுக்கென்ன இப்போ?"

அதுக்கென்ன இப்போ! எனக்குள் இத்தனை வருஷமாக எரிந்துகொண்டிருந்ததற்கு அவர் வைத்திருந்த பேர் ஈரம். திறந்து வைத்த கதவை அறைந்து சாத்தலாம் என்று கையை ஓங்கினேன். அப்போது யாரோ என் கையைப் பிடித்து விலக்கினார்கள்.

அம்மா. கட்டுச்சோற்று மூட்டையோடு, எப்போதோ நான் எடுத்துக்கொடுத்த சுங்குடிச் சேலையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நகரு."

"என்னம்மா?"

"நகருங்கறேன். அவரு உக்கார மாட்டாரு. நா உக்காரறேன்."

இந்த ஒரு வருஷத்தில் அம்மா இந்த வண்டியில் உட்காருவதைப் பற்றி ஒரு தரம்கூட நான் நினைக்கவில்லை. பின்னால் எங்காவது உட்கார்ந்துகொள்வாள் என்றுகூட நினைக்கவில்லை.

"அப்பாவுக்காக வாங்குனதும்மா" என்றேன், முட்டாள்தனமாக.

"தெரியும். உங்கொப்பன் ஒருநாளு எறங்குனத நீ பாத்த. நா என்ன பாத்தேன்னு கேட்டியா?" அம்மா குரலை உயர்த்தவில்லை. மூட்டையைச் சீட்டில் வைத்தாள். "லயத்துல இருந்தப்ப, சந்தைக்கு ஆரஞ்சுக் கூடைய எடுத்துட்டு நாகலூர்ல இருந்து ஏற்காட்டுக்கு நடப்பேன். தலையில கூட, இடுப்புல நீயி. பின்னால இந்த வண்டி ஹார்ன் அடிக்கும். பள்ளத்துல எறங்கி நிப்பேன். சேத்த வாரி எறச்சுட்டுப் போவும். பாதி நாளு வண்டி காலியாத்தான் போவும். பின்னால படியில ஐயா நின்னுட்டுப் போவாரு. ஒருநாளு, ஒரே ஒருநாளு, 'நிறுத்துங்க, எம்பொண்டாட்டி வாரா, ஏத்திக்கலாம்'னு வாயத் தெறந்திருப்பாரா? மூஞ்சியத் திருப்பிக்குவாரு. என்னையத் தெரியாதவராட்டம் கட்டையப் பாத்துக்குவாரு."

அப்பா மண்ணைப் பார்த்தார். "முன்னால ரைட்டரு இருந்தாருல்ல, பாவாயி..."

"இருந்தாரு. அவரு இல்லாத நாளும் போச்சுங்க அந்த வண்டி."

அப்பா கட்டையைத் தோள் மாற்றிக்கொண்டார். ரைட்டரைத் திட்ட என்னிடம் ஆயிரம் வார்த்தை தயாராக இருந்தது. இதற்கு ஒன்றுகூட இல்லை.

அம்மா ஏறினாள். உயரம் எட்டவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கதவைப் பிடித்துத் தொங்கி, முழங்காலை வைத்து ஏறினாள். உட்கார்ந்து, சீட்டை ஒரு தரம் அழுத்திப் பார்த்தாள். கதவைச் சாத்தத் தெரியாமல் படாரென்று அடித்தாள். ஐயாக்கண்ணு கேட்டிருந்தால் அழுதிருப்பார்.

"என்ன பாக்கற? எடு வண்டிய."

அப்பா பின்னால் போய், படியில்லாததால் சக்கரத்தின்மேல் கால் வைத்து, தத்தளித்து, கட்டையோடு உள்ளே விழுந்தார். எடுத்தேன். கண்ணாடியில் பார்த்தேன். பின்பலகையைப் பிடித்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார்.

ஊரைத் தாண்டியதும், பானையும் பிள்ளையுமாகக் காளியாயி அத்தையின் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. நான் வண்டியை எடுப்பதற்குள் குறுக்கு வழியில் முந்திக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஹார்ன் அடித்தேன். பள்ளத்தில் இறங்கி நின்றார்கள்.

"நிறுத்து கண்ணு" என்றாள் அம்மா.

"நேரமாவுதும்மா."

"நிறுத்துங்கறேன்."

நிறுத்தினேன். பொத்தென்று சத்தம், அப்பா குதித்துக் கட்டையைப் போட்டுவிட்டார். அம்மா வெளியே தலையை நீட்டினாள். "ஏறுங்கடி எல்லாரும்!"

பானைகள் ஏறின, பிள்ளைகள் ஏறினார்கள், பெண்கள் ஏறினார்கள். அப்பாதான் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். காளியாயி அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டே கேட்டாள்: "ஏனுங்கண்ணா, இன்னிக்கு மூஞ்சியத் திருப்பலீங்களா?"

பின்னால் ஒரே சிரிப்பு. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எல்லோரும் அந்த ரோட்டில் கூடையோடு பள்ளத்தில் இறங்கி நின்றவர்கள்தான். எனக்கு மட்டும்தான் அந்த வண்டியைப் பற்றி ஒரே ஒரு கதை தெரிந்திருந்தது.

அதற்கப்புறம் வழியெல்லாம் நிறுத்தம்தான். இவளை ஏற்று, அவளை ஏற்று, அந்தக் கிழவி நொண்டுகிறாள் ஏற்று. ஏற்காடு கடைவீதிக்குள் நுழைந்தபோது, ஒரு வருஷமாக என் மனதில் ஓட்டிப் பார்த்த ஊர்வலம் இதுவல்ல. மாலை நசுங்கியிருந்தது. பச்சை பெயின்ட் முழுக்கச் செம்மண். பின்னால் யாரோ குலவை போட்டார்கள். ஒரு பிள்ளை வாந்தி எடுத்தது. அப்பா எங்கே என்று கண்ணாடியில் தேடினேன். பானைகளுக்கும் தலைகளுக்கும் நடுவில் துண்டின் நுனி மட்டும் தெரிந்தது. கடைவீதி அவரைப் பார்க்கவே இல்லை.

வேலுசாமி ஓட்டல் வாசலுக்கு வந்து, நெற்றிக்குக் கை கொடுத்துப் பார்த்தார். "ஏம்மா, டிரிப் அடிக்கறயா? கோயிலுக்குத் தலைக்கு எவ்வளவு?"

நான் பல்லைக் கடித்துக்கொண்டு கியரை மாற்றினேன். அது அலறியது.

"இந்தக் கண்ணாடிய எறக்கறது எப்புடி?" என்று கேட்டாள் அம்மா. கைப்பிடியைக் காட்டினேன். சுற்றிச் சுற்றி முழுக்க இறக்கினாள். முழங்கையை வெளியே வைத்துக்கொண்டாள். கடைவீதி முடியும்வரை எடுக்கவில்லை.

கோயில் ஏற்றத்தில் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. முன்னால் ஒரு ஜீப், அதற்கு முன்னால் ஒரு பஸ். ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். வண்டி ஆணி அடித்தமாதிரி நின்றது. ஒரு விரல்கூடப் பின்னால் நகரவில்லை. ஐயாக்கண்ணு எதைச் சொதப்பினாலும் இதை ஒழுங்காகச் செய்திருந்தார். கட்டை தேவையே இல்லை. இருந்தாலும் பொத்தென்று சத்தம்.

"போட்டுட்டாரா?" என்றாள் அம்மா, திரும்பாமல்.

"ம்."

"நெத்தியில என்னமோ மஞ்சளா எழுதியிருக்குதே. என்னது?"

ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "அப்பா பேரு."

"பின்னால எழுதச் சொல்லியிருக்கலாம். அங்கதான இருக்கறாரு."

நான் சிரிக்கவில்லை. எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ரைட்டர் மேல் இருந்த ஆத்திரத்தில் பாதி இப்போது அப்பா மேல் திரும்பியிருந்தது. மீதியை யார் மேல் வைப்பதென்று தெரியவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அந்தப் படிய மறுபடி வெச்சுரச் சொல்லு" என்றாள் அம்மா. "மனுசன் ஏற முடியாம உழுந்து சாவப்போறாரு. அப்படியே எனக்கும் முன்னால ஒண்ணு வெக்கச் சொல்லு. நொம்ப ஒசரமா இருக்குது."

மறுபடியும் அடிவாரம். மறுபடியும் அந்த ஸ்டூல். ஐயாக்கண்ணு என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

முன்னால் ஜீப் நகர்ந்தது. ஹேண்ட்பிரேக்கை விட்டு வண்டியை எடுத்தேன். கண்ணாடியில் அப்பா தெரிந்தார், இப்போது முழுசாக. கட்டையை உருவித் தோளில் போட்டுக்கொண்டு, வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி வண்டிக்குப் பின்னால் ஓடிவந்தார். தொற்றிக்கொள்ளப் படி இல்லை. காளியாயி அத்தையும் இன்னொருத்தியும் குனிந்து, ஆளுக்கொரு கையைப் பிடித்து, மூட்டையைத் தூக்கிப் போடுவதுபோல அவரை உள்ளே இழுத்துப் போட்டார்கள்.

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.